பிடிஓ வீடு: வரிசை எண்ணை மட்டும் பார்த்து மகிழாதீர்கள்

சிங்கப்பூரில் பிடிஓ (வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், விண்ணப்பம் வாங்கிய பிறகு கட்டித்தரும் புது வீடு) பேச்செடுத்தாலே விலை, நல்ல இடங்களில் வரும் பிளஸ், பிரைம் வகை வீடுகள், பத்தாண்டுக் கட்டாயக் குடியிருப்பு என்றுதான் காப்பிக்கடையில் அடித்துக்கொள்கிறார்கள். வீட்டைப் பதிவுசெய்து முடித்த கையோடு சொல்கிறேன்: நம் குடும்பங்களுக்கு அடி விழுவது பெரும்பாலும் அங்கே இல்லை. தமிழ்நாட்டில் ஊரில் இருக்கும் பூர்வீக வீட்டிலும், இந்தியர்/மற்றவர் இன ஒதுக்கீட்டிலும்தான் விழுகிறது.

முதலில் எச்எஃப்இ கடிதம், அதாவது வீடு வாங்கவும் மானியம், கடன் பெறவும் நமக்குத் தகுதி உண்டா என்று வீவக தரும் கடிதம். 2023 மே முதல் இது இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது. முதல் கட்டத்தை நிரப்பியதும் பூர்வாங்க முடிவு உடனே வந்துவிடும். அதைப் பார்த்து உட்கார்ந்துவிடாதீர்கள். 30 நாளுக்குள் இரண்டாம் கட்டத்தை முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான். விண்ணப்பத்தில் பெயர் உள்ள ஒவ்வொருவரும், கூட வசிக்கப்போகும் அம்மா உட்பட, அவரவர் சிங்பாஸில் (அரசுச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளக் கணக்கு) நுழைந்து ஒப்புதல் தர வேண்டும். அம்மா ஊருக்குப் போயிருக்கிறார், புதுக் கைப்பேசியில் சிங்பாஸ் செயலி இல்லை என்றால், மொத்தக் குடும்பமும் அவருக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். கடிதம் 9 மாதம் செல்லும். விற்பனை மாதத்தில் எல்லாரும் முண்டியடிப்பார்கள் என்பதால் இரண்டு மாதம் முன்பே போட்டுவிடுங்கள்.

மசேநி (மத்திய சேமநிதி) வீட்டு மானியம் 120,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். விண்ணப்பத்துக்கு முந்திய 12 மாதமும் தம்பதியில் ஒருவராவது இடைவிடாமல் வேலையில் இருந்திருக்க வேண்டும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பழைய வேலையை விட்டுப் புது வேலையில் சேர்ந்த இடைவெளி அங்கே வந்து நிற்கும். வேலை மாறும் எண்ணம் இருந்தால் இதையும் கணக்கில் வையுங்கள்.

இனி பூர்வீக வீடு. விண்ணப்பத்தில் உள்ள எவருக்கும் இங்கோ வெளிநாட்டிலோ தனியார் வீடு இருக்கக் கூடாது. கடந்த 30 மாதத்தில் விற்றோ கைமாற்றியோ இருக்கவும் கூடாது. வாரிசாக வந்த பங்கும் இதில் சேர்த்தி. "பட்டா அப்பா பேரில்தானே இருக்கிறது, எனக்கென்ன" என்பார்கள். அப்பா உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவோடு பிள்ளைகளுக்கும் பங்கு அன்றே வந்துவிட்டது. பட்டா பெயர் மாறவில்லை என்பது ஒரு பதிலே அல்ல. தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தாலும் அதுவும் கைமாற்றம்தான். அதற்குப் பின்னும் 30 மாதம் காத்திருக்க வேண்டும். ஆகவே கல்யாணப் பேச்சு நடக்கும்போதே இதையும் பேசி முடித்துவிடுவது நல்லது. மறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வீடு பறிபோகிற விஷயம்.

இதற்கான தாள்களைத் திரட்டுவதுதான் உயிரை வாங்கும். வில்லங்கச் சான்றிதழை இணையத்தில் எடுத்துவிடலாம், சிக்கலில்லை. வாரிசுச் சான்றிதழ் அப்படியல்ல. ஊர்ப் பத்திரத்தில் நம் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும்; சிங்கப்பூர் அடையாள அட்டையில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். "இனிஷியல் ஒத்துவரலயே சார், புதுசா மனு போடுங்க" என்று அலுவலக எழுத்தர் ஒரே வரியில் அனுப்பிவிட்டார். விமானச் சீட்டுப் பணம் போனதுதான் மிச்சம். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். தமிழ்ப் பத்திரங்களுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பையும் அப்போதே எடுத்துவிடுங்கள்.

ஊரில் பெண் எடுத்தவர்களுக்கு ஒரு வரி: மனைவி நிரந்தரவாசி ஆகும்வரை, குடிமகனான உங்களுக்குப் புது வீடு என்றால் ஈரறை ஃபிளெக்ஸி எனும் சிறிய வீடு மட்டும்தான்.

விண்ணப்பம் பத்து வெள்ளி, ஐந்து நிமிடம். முதல் நாள் போட்டாலும் கடைசி நாள் போட்டாலும் ஒன்றுதான், வீடு தேர்ந்தெடுக்கும் வரிசை எண்ணுக்கான குலுக்கல் கணினியில் நடக்கிறது.

எண் வந்த பிறகுதான் உண்மையான கூத்து. 1989-இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி இந்தியர்/மற்றவர் பிரிவுக்குப் பேட்டையில் 12 விழுக்காடு, புளோக்கில் (ஓர் அடுக்குமாடிக் கட்டடம்) 15 விழுக்காடு உச்சவரம்பு (2010 வரை இது 10, 13). 120 வீடுள்ள புளோக்கில் 18. அதையும் யுரேஷியர் முதலானோருடன் பங்கு போட வேண்டும். உங்கள் எண் முன்னால் இருந்தும் பிடித்த புளோக்கில் ஒதுக்கீடு தீர்ந்திருக்கலாம். எண் மிகவும் பின்னால் இருந்தும், முன்னால் நின்ற இந்தியக் குடும்பங்கள் குறைவென்றால் நல்ல மாடியே கிடைக்கலாம். எனவே தேர்வு தொடங்கியதும் வீவக தளத்தில் காலியான வீடுகளைப் பார்க்கும்போது, ஒவ்வொரு புளோக்கிலும் நம் பிரிவில் எத்தனை மிச்சம் என்ற எண்ணைக் குறித்துக்கொண்டே வாருங்கள். மற்ற எண்கள் நமக்கு எதற்கு?

பிடிக்கவில்லை என்று எடுக்காமல் எழுந்து வந்தால் ஓராண்டுக்கு முதன்முறை வாங்குவோருக்கான முன்னுரிமை போய்விடும். நீங்கள் தேர்ந்தெடுக்க 10 அல்லது அதற்குக் குறைவான வீடுகளே இருந்தால் மட்டும் விதிவிலக்கு. எனக்கு இந்த விதியில் குறையில்லை. எடுக்கும் எண்ணமே இல்லாமல் வரிசையை அடைத்தவர்கள் முன்பு நிறையவே இருந்தார்கள்.

விற்கும்போது இதே ஒதுக்கீடு திரும்பி வந்து கடிக்கும். புளோக்கில் சீனர் வரம்பு 87 விழுக்காட்டைத் தொட்டுவிட்டால் சீனருக்கு நீங்கள் விற்க முடியாது. வாங்குவோர் வட்டம் சுருங்க, விலையும் இறங்கும். பிரைம், பிளஸ் வீடுகளுக்கு இதன் மேல் பத்தாண்டுக் குடியிருப்பு, மானிய மீட்பு (விற்கும்போது மானியத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது), வாங்குபவருக்கு 14,000 வெள்ளி மாத வருமான வரம்பு. நகர மையத்தில் லாட்டரி அடித்ததுபோல் லாபம் பார்ப்பதைத் தடுக்க அந்த நிபந்தனைகள் தேவைதான். சிறுபான்மையினர் மட்டும் விற்பனையில் நட்டப்படுவதற்கு அந்த நியாயம் பொருந்தாது. நல்ல கொள்கையின் செலவை ஏன் சிலர் மட்டும் சுமக்க வேண்டும்?

தேர்வு நாளுக்கு: பிடித்த வீடுகளை வரிசைப்படுத்திக் குறைந்தது இருபதையாவது எழுதி வையுங்கள்; உங்களுக்கு முன்னால் இருப்பவர் நீங்கள் காத்திருக்கும்போதே ஒன்றை எடுத்துவிடுவார். நாலறை வீட்டுக்கு முன்பதிவுக் கட்டணம் 2,000 வெள்ளி, நெட்ஸில் (வங்கி அட்டை வழிக் கட்டணமுறை) கட்ட வேண்டும். முந்தின இரவே வங்கிச் செயலியில் அட்டையின் தினசரி வரம்பைக் கூட்டி வைத்துவிடுங்கள்.