தோல் கெட்டியில்லீங்க, குண்டுதான் பாதி வழியில் நின்றுவிட்டது

வால்பாறைத் தேயிலைக் காட்டில் சாயங்காலம் காட்டுமாடு மேய்வதைப் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இத்தனை பெரிய உடம்புல எந்தக் குண்டுங்க இறங்கும்?" நம் பக்கம் காட்டெருமை என்று சொன்னாலும் அது மாட்டு இனம்தான். நல்ல கிடா 1,000 கிலோவைத் தொடும். ஆப்பிரிக்க எருமைக் கிடா 700, 800 கிலோவில் நின்றுவிடும். ஆனாலும் "உயிர் கெட்டி" என்ற பேர் ஆப்பிரிக்க எருமைக்குத்தான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு காட்டுமாட்டைச் சுடுவது ஜெயிலுக்குப் போகிற வேலை. அதனால் அந்தப் பேர் எப்படி வந்தது என்கிற கணக்கை மட்டும் இங்கே பார்க்கலாம்.

முதலில் ஒரு பொய்யைத் தள்ளி வைத்துவிடலாம். பெரிய ரைபிள் மிருகத்தை அடித்துச் சாய்த்துவிடும் என்பார்கள். 470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவின் குண்டு 500 கிரெய்ன், அதாவது 32.4 கிராம். வினாடிக்கு 655 மீட்டர் வேகத்தில் வருகிறது. இரண்டையும் பெருக்கி எருமையின் 700 கிலோவால் வகுத்தால் வினாடிக்கு 3 சென்டிமீட்டர். குண்டின் தள்ளு அவ்வளவுதான். கட்டுத்தரையில் நிற்கிற எருமையைப் பள்ளிக்கூடத்துப் பையன் தோளால் இடித்தாலே அதைவிட அதிகம் அசையும். மிருகம் விழுவது ஒன்று மூளையிலோ முதுகுத்தண்டிலோ பட்டதால். இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் இறங்கி மூளைக்கு ரத்தம் போகாததால். இதயமே கிழிந்தாலும் மூளையில் இருக்கிற ஆக்சிஜன் 10, 15 வினாடி தாங்கும். எருமை மணிக்கு 50 கிலோமீட்டர் ஓடும். 10 வினாடியில் 140 மீட்டர் ஆயிற்று. 60 மீட்டரில் நின்று சுட்டவரை அது நாலரை வினாடியில் எட்டிவிடும். சரியாகப் பட்ட குண்டுக்கே இந்த நிலைமை. தப்பாகப் பட்டால் கேட்கவே வேண்டாம்.

தப்பு பெரும்பாலும் எங்கே நடக்கிறது? கெடா வெட்டி உரிக்கிற இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். நெஞ்சைப் பிளந்தால் இதயம் இருப்பது நடு உடம்பில் இல்லை. இரண்டு முன்சப்பைக்கும் (தோள்பட்டைக்கும்) நடுவே, நெஞ்செலும்பை ஒட்டி, நன்றாகக் கீழே கிடக்கும். ஆப்பிரிக்க மான்களிலும் எருமையிலும் அதே அமைப்புதான். அமெரிக்காவில் மான் சுட்டுப் பழகினவர்கள் சப்பைக்கு ஒரு சாண் பின்னால் குறி வைப்பார்கள். கறி வீணாகாது, நுரையீரலும் பெரிது. அதே குறியை ஆப்பிரிக்காவில் வைல்டுபீஸ்ட் என்கிற பெரிய மானுக்கோ வரிக்குதிரைக்கோ வைத்தால் நுரையீரலின் பின்நுனியில் படும், இல்லாவிட்டால் ஈரலிலும் இரைப்பையிலும் படும். மிருகம் கிலோமீட்டர் கணக்கில் நடக்கும். "உயிர் கெட்டி" கதைகளில் பாதி இப்படிப் பிறந்ததுதான். பக்கவாட்டில் நிற்கிற மிருகத்துக்கு முன்னங்காலின் நடுக்கோட்டைப் பிடித்து மேலே போய், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்த வேண்டும். ஆனால் அந்த இடத்தில் சப்பை எலும்பு குறுக்கே நிற்கிறது. அதைத் தாண்டிப் போகிற குண்டு வேண்டும். ஊடுருவல் கணக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களிடம் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்: ஒரே கம்ப்ரசர் காற்றுக்கு 4½ அங்குல பிட் இறங்குகிற மாதிரி 6½ அங்குல பிட் இறங்காது. குண்டுக்கும் இதுதான். பின்னால் எவ்வளவு எடை இருக்கிறது, முன்னால் எவ்வளவு அகலம் என்பதே கேள்வி. கிரெய்ன் எடையை 7,000ஆல் வகுத்து, வந்ததை அங்குல விட்டத்தின் வர்க்கத்தால் மறுபடி வகுத்தால் ஒரு எண் கிடைக்கும். குறுக்கு அடர்த்தி என்று வைத்துக்கொள்வோம். 0.308 அங்குல விட்டத்தில் 180 கிரெய்னுக்கு 0.271. 375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தோட்டாவின் (விட்டம் 0.375 அங்குலம்) 300 கிரெய்னுக்கு 0.305. 0.458 அங்குலத்தில் 500 கிரெய்னுக்கு 0.341. பெரிய மிருகத்துக்கு 0.300க்குக் கீழே போக வேண்டாம் என்பது பழைய கைக்கணக்கு. 1912இல் வந்த அந்த 375 தோட்டா இன்றைக்கும் ஓடுவதற்கு இந்த எண்ணும் ஒரு காரணம்.

யானை வேட்டைக்காரர் டபிள்யூ.டி.எம். பெல் ஆயிரத்துக்கு மேல் யானை சுட்டதாகச் சொல்வார்கள். அதில் பெரும்பங்குக்கு அவர் வைத்திருந்தது 7 மில்லிமீட்டர் மவுசர். 173 கிரெய்ன் குண்டு, குறுக்கு அடர்த்தி 0.31ஐ ஒட்டி. சன்னமாக, நீளமாக, உறை முழுக்க மூடியது. யானையின் மூளை தலையில் பின்னுக்குத் தள்ளி இருக்கிறது. முன்னால் இருப்பதெல்லாம் தேன்கூடு மாதிரி ஓட்டை எலும்பு. பெல் ஒரு மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்துப் பார்த்து, எந்தக் கோணத்திலிருந்து எங்கே அடித்தால் மூளைக்குப் போகும் என்று படித்துக்கொண்டவர். அந்தக் கண்ணும் கையும் இல்லாமல் அந்த ரைபிளை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்கள் பலர் திரும்பி வரவில்லை. இன்றைக்கு நமீபியாவில் எருமைக்குத் தோட்டாவின் ஆற்றல் 5,400 ஜூல் குறையாமல் வேண்டும் என்று விதி. பெல்லின் தோட்டா அதில் பாதிதான் தரும்.

எண் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அது மிருகத்துக்கு வெளியே இருக்கிற எண். உள்ளே போனதும் மாறிவிடும். சாதாரண வேட்டைக் குண்டு, செம்பு உறைக்குள் ஈயம். மூக்கில் ஈயம் தெரியும். பட்டதும் குடை மாதிரி விரியும். (இந்த விரிகிற குண்டுக்கு 'டம் டம்' என்று பேர் வந்தது கல்கத்தாவை ஒட்டிய டம் டம் ஆயுதச் சாலையால். 1899 ஹேக் மாநாட்டில் போருக்கு இதைத் தடை செய்தார்கள், வேட்டைக்குத் தடையில்லை.) 300 மேக்னம் என்கிற வேகமான தோட்டாவில் 180 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 900 மீட்டரில் 30 மீட்டர் தூரத்துச் சப்பை எலும்பில் படுகிறது என்று வையுங்கள். விட்டம் இரண்டு மடங்காக விரியும். முகப்பரப்பு நான்கு மடங்கு. ஈயம் சிதறிப் பாதி எடை போய்விடும். 0.271 இருந்த எண் எட்டில் ஒன்றாக, 0.034க்கு இறங்கிவிடும். அதற்கு மேல் அது எங்கே போகும்? ஒரு கை அகலத்துக்குச் சதையைக் கூழாக்கிவிட்டு எலும்பிலேயே நின்றுவிடும். அதே குண்டு 250 மீட்டரில், வேகம் குறைந்து போய்ப் பட்டால் விரிவு மட்டுப்பட்டு இன்னும் ஆழமாக இறங்கும். கிட்டத்தில் சுட்டால் நன்றாக இறங்கும் என்று நினைக்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இதற்கு மருந்து குண்டின் கட்டுமானம். ஜான் நாஸ்லர் 1948இல் விற்க ஆரம்பித்த பார்ட்டிஷன் குண்டில் நடுவே செம்புச் சுவர் ஒன்று குறுக்கே நிற்கும். முன்பாதி விரிந்து உடைந்து போனாலும் பின்பாதி அப்படியே தள்ளிக்கொண்டு போகும். அப்புறம் ஈயத்தை உறையோடு பற்றவைத்த குண்டுகள் வந்தன. 1989இல் பார்ன்ஸ் கம்பெனிக்காரர்கள் ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டைக் கொண்டுவந்தார்கள். நான்கு இதழாக விரியும், எடை ஏறக்குறைய குறையாது. செம்பு ஈயத்தைவிட லேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளும். நீளம் கூடினால், குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கிற முறுக்கு போதாமல் போகலாம். செம்புக் குண்டுக்கு மாறுகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

விரியவே விரியாத கெட்டிக் குண்டு யானைக்கும் நீர்யானைக்கும். இதில் மூக்கின் வடிவம்தான் எல்லாம். காற்றைவிட 800 மடங்கு அடர்த்தியான சதைக்குள் நுழைந்ததும் சுழற்சி குண்டை நேராகப் பிடித்து வைக்காது. உருண்டை மூக்கு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தால் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு திரும்பிவிடும். விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குத் தட்டையான மூக்கு சதையைச் சுற்றிலும் விசிறித் தள்ளும். குண்டின் பக்கவாட்டில் எதுவும் உரசாது, நேராகப் போகும். கூர்மையானதுதான் ஆழமாகப் போகும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு.

வேகம் குறைந்தாலும் வம்புதான். 1956இல் வந்த 458 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவில் வெடிமருந்து அடைக்கிற கூடு குட்டை. மருந்தை அமுக்கி அடைத்ததில் நாள்பட அது கட்டி தட்டி, எழுதியிருந்த வேகம் பல தோட்டாக்களில் வரவில்லை. குண்டு எருமைக்குள் பாதியில் நின்றது. 1959இல் மொசாம்பிக்கில் எருமையிடம் அடிபட்ட வேட்டைக்காரர் ஜாக் லாட், கூட்டை நீட்டி 1971இல் 458 லாட் என்கிற தோட்டாவைச் செய்தார்.

எருமைக்கு முதல் குண்டு விரிகிறது, அடுத்தவை கெட்டி என்பது பொதுவான அடுக்கு. முதலிலேயே கெட்டிக் குண்டு போட்டால் ஊடுருவிப் போய் மந்தையில் பின்னால் நிற்கிற இன்னொன்றில் படும். இரண்டாவது சுடும்போது எருமை ஓடிக்கொண்டிருக்கும், பின்புறம்தான் தெரியும். அப்போது குண்டு நெஞ்சுக்குப் போக வேண்டுமானால் ஈரப்புல் அடைத்த இரைப்பையைக் கடக்க வேண்டும். தண்ணீரில் ஊறின சோளத்தட்டுப் போர் மாதிரிதான் அது. விரிகிற குண்டை விழுங்கிவிடும்.

செத்த மிருகத்திலிருந்து எடுத்த குண்டைப் பார்த்தே நடந்ததைச் சொல்லலாம். தராசில் போட்டு முதல் எடையோடு ஒப்பிட வேண்டும். 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கட்டுமானம் சரி. பாதிதான் இருந்தால் வேகம் அதிகம் அல்லது உறை மெலிசு. குடை ஒரு பக்கமே விரிந்திருந்தால் சாய்ந்து எலும்பில் பட்டது. கெட்டிக் குண்டு வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தால் உள்ளே குட்டிக்கரணம் போட்டிருக்கிறது; உறையின் எஃகு போதவில்லை.

இனி நம் காட்டுக்கு வருவோம். காட்டை விட்டு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. வேறு யாரும் சுடக்கூடாது. ஆனாலும் சில இடங்களில் நாட்டுத் துப்பாக்கியில் பால்ரஸ் போட்டுச் சுடுகிறார்கள். 6 மில்லிமீட்டர் எஃகு உருண்டை 0.88 கிராம்தான் இருக்கும். குறுக்கு அடர்த்தி 0.035. மேலே சொன்ன, எலும்பில் உடைந்து நின்ற குண்டின் எண்ணும் ஏறக்குறைய இதேதான்! அதுவாவது எலும்பு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. இது புறப்படும்போதே அந்த நிலைமையில் இருக்கிறது. ஆண் பன்றிக்குச் சப்பை மேல் விரல் தடிமனுக்குக் குருத்தெலும்பு போல இறுகின தோல்கவசம் வேறு உண்டு. பால்ரஸ் அதற்குள் தங்கிப் புண்ணாகும். பன்றி சாகாது, ஓடிக் கரும்புக்குள் படுத்துக்கொள்ளும். இரண்டு நாள் கழித்து அந்தக் கரும்பை வெட்ட ஆள் இறங்குவார்கள்.