மரத்தூளில் வந்த ஐஸும் மேய்ன் காடும்

மெரினா கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம் என்று நிற்கிற வட்டக் கட்டடத்தை எல்லோருக்கும் தெரியும். 1842இல் அதைக் கட்டியது ஐஸ் வைப்பதற்கு. பாஸ்டன் வியாபாரி ஃப்ரெடெரிக் டூடர், மாசசூசெட்ஸ் ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும் பாளம் பாளமாக அறுத்துக் கப்பலேற்றி நம்மூருக்கு அனுப்பினார். அதற்கு முன்பே 1833இல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல் போய்விட்டது. கிளம்பும்போது 180 டன். நான்கு மாதம் கழித்துக் கல்கத்தாவில் இறக்கியபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. கட்டடத்துக்கு எத்தனை பெயர் மாறினாலும் அந்தப் பகுதி இன்றும் ஐஸ் ஹவுஸ்தான், போலீஸ் ஸ்டேஷன் உட்பட.

இதில் என்னைப் பிடித்து இழுத்தது ஐஸ் இல்லை, மரத்தூள். பூமத்திய ரேகையைத் தாண்டி வருகிற கப்பலில் பனிக்கட்டி உருகாமல் இருந்ததற்குக் காரணம் பாளங்களுக்கு நடுவே அடைத்த மரத்தூள். அந்த மரத்தூளுக்கு டூடர் கை நீட்டிய இடம், வடக்கே இருக்கிற மேய்ன் மாநிலத்து ரம்ப மில்கள். அங்கே அது ஆற்றில் தள்ளிவிடுகிற கழிவு.

எங்களுக்குப் பெரியமேடு சிடன்ஹாம்ஸ் ரோட்டில் மரக்கடை. தாத்தா காலத்துக் கடை. ரம்பத்தடியில் சேர்கிற தூளை மூட்டை கட்டி டீக்கடை அடுப்புக்கு விற்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மேய்ன் மரத்தூள் மெட்ராஸ் வரைக்கும் வந்திருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அந்தக் காட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. தங்கை குடும்பத்தோடு போர்ட்லண்டில் குடியேறியதும் அதற்கு வழி பிறந்தது. (ஆரிகன் போர்ட்லண்ட் இல்லை. இது கிழக்குக் கரை, மேய்னின் பெரிய ஊர்.)

அங்கே போகிறவர்கள் இலையுதிர் காலத்துச் சிவப்பு இலை, லாப்ஸ்டர், கலங்கரை விளக்கம் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. 1791இல் ஏற்றிய போர்ட்லண்ட் ஹெட் விளக்கின் கீழே பாறையில் அலை மோதுகிறதைப் பார்த்துக்கொண்டே அரை நாள் உட்காரலாம். ஆனால் அந்த மாநிலத்தின் கதை கடலோரத்தில் முடிவதில்லை. பின்னால் திரும்பினால் பத்தில் ஒன்பது பங்கு காடு. அமெரிக்காவில் இவ்வளவு பங்கு காடாக இருக்கிற மாநிலம் வேறு இல்லை. இத்தனைக்கும் மேய்ன் நானூறு வருஷமாக மரம் வெட்டிப் பிழைத்த ஊர். வெட்டித் தின்ற ஊரில் காடு எப்படி மிச்சம் இருக்கிறது என்ற கேள்வியோடுதான் நான் சுற்றினேன்.

முதலில் மரத்தைச் சொல்கிறேன். மாநில மரம் வெள்ளை பைன். தேக்கைத் தட்டிப் பார்த்தே வைரம் (உள்ளே இருக்கிற கெட்டிக் கட்டை) எவ்வளவு, வெளிறு (வெளிப்பக்கத்து இளங்கட்டை) எவ்வளவு என்று சொல்லுகிற குடும்பத்தில் பிறந்தவனுக்கு பைன் என்றால் இளக்காரம். நம்மூரில் நியூசிலாந்து பைன் வருகிறது, பேக்கிங் பெட்டிக்குப் போகிறது, அவ்வளவுதான். வெள்ளை பைனை அதன் காட்டில் பார்த்தால் அந்தப் பேச்சு எடுபடாது. அடியிலிருந்து நுனி வரை நூல் பிடித்த மாதிரி நேர். கணு குறைவு, எடை குறைவு, பிசின் இருப்பதால் வளைந்து கொடுக்கும். பாய்மரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? இங்கிலாந்து கடற்படைக்கு மேய்ன் கண்ணில் பட்டது இதனால்தான். 1691இல் மாசசூசெட்ஸுக்குக் கொடுத்த சாசனத்திலேயே, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் 24 அங்குலத்துக்கு மேல் விட்டம் உள்ள மரங்கள் ராஜாவுக்கு என்று எழுதிவிட்டார்கள். மேய்ன் அப்போது மாசசூசெட்ஸோடு சேர்ந்திருந்தது. 1820இல்தான் தனி மாநிலம். ராஜாவின் மரத்தில் கோடாலியால் மூன்று வெட்டு வெட்டி அம்பு மாதிரி அடையாளம் போடுவார்கள். சொந்த நிலத்தில் நிற்கிற மரத்தை வெட்டினாலும் அபராதம். பழைய வீடுகளில் 24 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைந்த அகலத்தில் தரைப் பலகைகள் இருந்தால், ராஜாவின் மரத்தைத் திருட்டுத்தனமாக அறுத்து ஓரம் செதுக்கியது என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகக் கதை சொல்வார்கள்.

இந்த அம்புக் குறி வருவதற்கு வெகு காலம் முன்பே அங்கே வேறொரு அம்புக் கதை இருக்கிறது. வபனாக்கி மக்களின் கதை. பெனாப்ஸ்காட், பாஸமக்வாடி, மாலிஸீட், மிக்மாக் என்று நான்கு இனத்தார் இன்றும் மேய்னில் வாழ்கிறார்கள். அவர்களின் ஆதி வீரன் குளூஸ்கப். அவன் வில்லை வளைத்து ஆஷ் மரத்தில் அம்பு எய்தான், பட்டை பிளந்து அதற்குள்ளிருந்து மனிதர்கள் ஆடிப் பாடிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர்களே வபனாக்கிகளின் முன்னோர். ஒரு அம்பு மனிதர்களை வெளியே கொண்டுவந்தது, இன்னொரு அம்பு மரத்தை ராஜாவுக்கு என்று முத்திரை போட்டது. மேய்ன் சரித்திரத்தை இந்த இரண்டு அம்புக்கு நடுவே வைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அந்த ஆஷ் மரத்தில் கூடை முடைவதைப் பார் ஹார்பர் என்ற கடலோர ஊரில் கிட்ட நின்று பார்த்தேன். அதற்கு ரம்பமே கிடையாது. ஈரம் காயாத உருட்டுக் கட்டையைப் படுக்க வைத்து, கோடாலியின் பின்பக்கத்தால் நீளவாட்டில் அங்குலம் அங்குலமாக அடிக்கிறார்கள். ஒவ்வொரு வருஷ வளையத்திலும் வசந்த காலத்தில் வளர்ந்த பகுதி பொறபொறப்பாக இருக்கும். அடி விழ விழ அது நசுங்கி, அதற்கு மேலே இருக்கிற கெட்டிப் பகுதி நாடா போல உரிந்து வருகிறது. ஒரு வருஷத்துக்கு ஒரு நாடா. மரம் நன்றாக வளர்ந்த வருஷத்தில் தடிமன் கூட, மழை பொய்த்த வருஷத்தில் காகிதம் போல மெல்லிசு. கூடை முடைந்துகொண்டிருந்த பெனாப்ஸ்காட் அம்மாள் ஒரு நாடாவை என் கையில் கொடுத்தார். விரலில் சுற்றினேன், விரிசல் விடவில்லை. நடுவே வாசனைப் புல்லைச் சேர்த்துப் பின்னுகிறார்கள். வெட்டிவேர் மாதிரி இல்லை, இனிப்பான வாசனை. மரத்தை எத்தனையோ விதமாக அறுத்திருக்கிறோம், இழைத்திருக்கிறோம். வருஷம் வருஷமாகப் பிரித்தெடுக்கலாம் என்று எங்கள் கடையில் யாருக்கும் தோன்றியதில்லை.

அந்தக் கலைக்கு இப்போது கண்டம். எமரால்டு ஆஷ் போரர் என்கிற பச்சை வண்டு 2018இல் மேய்னுக்குள் வந்துவிட்டது. அதன் புழு பட்டைக்கு அடியில் குடைந்துகொண்டே போய், மரத்துக்குச் சாறு ஏறாமல் செய்துவிடும். விறகுக்கட்டையோடு பயணம் செய்து பரவும் என்பதால், வெளியிலிருந்து விறகு கொண்டுவராதீர்கள் என்று வழியெல்லாம் பலகை வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் தயவு செய்து அதை மதியுங்கள். முகாம் தீ மூட்ட விறகு வேண்டுமென்றால் அந்தந்த இடத்திலேயே வாங்குங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாங்கர் ஊர்தான் மரத்தின் தலைநகரம். குளிர்காலத்தில் வெட்டி, பனியில் இழுத்து ஆற்றங்கரையில் அடுக்கி, பனி உருகி வெள்ளம் வரும்போது அத்தனை கட்டையையும் பெனாப்ஸ்காட் ஆற்றில் தள்ளிவிடுவார்கள். ஓடுகிற கட்டைகள் மேல் நின்று, ஆணி அடித்த பூட்ஸோடு அவற்றை நெறிப்படுத்திக்கொண்டு வருவது தொழில். கட்டைகள் சிக்கிக்கொண்டால் சிக்கெடுக்கப் போனவன் திரும்புவது நிச்சயமில்லை. முழுகிப் போனவனை அங்கேயே புதைத்து, அவன் பூட்ஸைப் பக்கத்து மரத்தில் மாட்டிவிட்டுப் போவார்களாம். பர்மா தேக்கும் ஆற்றில்தான் மிதந்து வந்தது என்று தாத்தா சொல்லியிருக்கிறார். அந்த மரம் நம் மயிலாப்பூர் வீடுகளில் தூணாக நிற்கிறது. அதை மிதக்க விட்டவர்களைப் பற்றி நாம் ஒரு வரி கூட வைத்துக்கொள்ளவில்லை. மேய்ன்காரர்கள் அந்த விஷயத்தில் மேல். பாங்கருக்குப் பக்கத்தில் பிராட்லியில் இருக்கிற மர அருங்காட்சியகத்தில் தண்ணீரில் ஓடுகிற பழைய பாணி ரம்பம் வைத்திருக்கிறார்கள். கட்டை புரட்டுகிற பீவி என்ற கொக்கித் தடி அங்கே இருக்கிறது. 1850களில் ஜோசப் பீவி என்ற மேய்ன் கொல்லர் செய்தது. நுனியில் கூர், பக்கத்தில் ஆடுகிற கொக்கி. ஒரே ஆள் பெரிய கட்டையை உருட்டிவிடலாம். எங்கள் ஆட்கள் கடப்பாரையோடு மூன்று பேர் மல்லுக்கட்டுகிற வேலை. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கடைக்கு ஒன்று செய்யச் சொல்ல வேண்டும் என்று அளவு குறித்துக்கொண்டேன்.

பாங்கரில் பால் பன்யன் என்கிற ராட்சத மரவெட்டிக்கு 31 அடிச் சிலை இருக்கிறது. குழந்தைகளோடு போனால் நின்று படம் எடுக்கலாம், அவ்வளவுதான் அதில்.

எனக்கு மனசில் தங்கிய கதை வேறு. அக்லெபெமு என்று ஒரு ராட்சதத் தவளை, பெனாப்ஸ்காட் ஆற்றுத் தண்ணீர் முழுவதையும் தானே குடித்து வைத்துக்கொண்டது. கீழே இருந்த மக்கள் தாகத்தில் செத்தார்கள். குளூஸ்கப் வந்து ஒரு பெரிய மரத்தை அதன் மேல் சாய்த்தான். தவளை மடிந்தது, சாய்ந்த மரத்தின் அடிமரம் ஆறாகவும் கிளைகள் உபநதிகளாகவும் ஓடின. இதைக் கேட்டுவிட்டு அதே ஆற்றின் சமீபத்திய கதையைப் படித்துப் பாருங்கள். ரம்ப மில்லுக்கும் காகித மில்லுக்கும் மின்சாரத்துக்கும் அணை மேல் அணை கட்டி, கடலிலிருந்து முட்டையிட வருகிற சால்மன் மீன் மேலே ஏற முடியாமல் போய்விட்டது. பெனாப்ஸ்காட் இனத்தாரும் இயற்கை ஆர்வலர்களும் சேர்ந்து ஒரு அறக்கட்டளை வைத்து, 2010இல் மூன்று அணைகளை விலை கொடுத்து வாங்கினார்கள். கிரேட் ஒர்க்ஸ் அணையை 2012இல் இடித்தார்கள், வீஸியை 2013இல். மூன்றாவதைச் சுற்றி மீன் போக ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். மீன் திரும்பி வந்தது. கட்டை மிதக்க விடுவது அதற்கு முன்பே, 1976இல் கென்னபெக் ஆற்றோடு முடிந்திருந்தது. பட்டையும் முழுகிய கட்டைகளும் ஆற்றின் அடியைப் பாழாக்கின என்பதால் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

காடு மிச்சம் இருப்பதற்குக் காரணம் ஒன்றல்ல. இன்று நிற்கிறது பெரும்பாலும் ஆதிக் காடு இல்லை, திரும்பத் திரும்ப வெட்டி முளைத்தது. மேற்கே நல்ல மண் கிடைத்ததும் விவசாயிகள் கல் நிலத்தை விட்டுவிட்டுப் போனார்கள், வயலில் பைன் முளைத்தது. வடக்கே பெரும்பரப்பு இன்றும் தனியார் கையில்தான், வெட்டுகிறார்கள், வளர விடுகிறார்கள். ஆனால் வெட்டவே கூடாது என்று ஒருவர் பிடிவாதம் பிடித்த இடமும் உண்டு. அதுதான் கடாடின் மலை.

பெர்சிவல் பாக்ஸ்டர் 1921 முதல் 1925 வரை மேய்ன் கவர்னர். கடாடினை மாநிலம் வாங்கிக் காப்பாற்ற வேண்டும் என்று சட்டசபையில் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. பதவி போனதும் காகிதக் கம்பெனியிடமிருந்து சொந்தப் பணத்தில் மலையை வாங்கி, 1931இல் மாநிலத்துக்கே தானம் எழுதினார். முக்கிய நிபந்தனை: என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும். அதோடு விடவில்லை. 1962 வரை துண்டு துண்டாக வாங்கி வாங்கிக் கொடுத்தார், மொத்தம் 2 லட்சம் ஏக்கருக்கு மேல். மரம் விற்கிற நான் இதை எழுதுகிறேன் என்பது எனக்குத் தெரியும். விற்கிறவனுக்குத்தான் விற்காத மரத்தின் விலை சரியாகத் தெரியும். அந்த மனிதரை நான் கும்பிடுகிறேன்.

மலையின் உச்சியில் பமோலா இருக்கிறது என்பது பெனாப்ஸ்காட் மக்களின் நம்பிக்கை. மூஸ் மானின் தலை, மனித உடம்பு, கழுகின் இறக்கையும் காலும். மேகமும் புயலும் அதன் கையில். உச்சிக்கு மனிதன் போகக் கூடாது. 1846இல் அமெரிக்க எழுத்தாளர் தோரோ ஏறினார், மேகம் மூடி உச்சியைத் தொடாமல் திரும்பினார். நான் மலையடி ஏரிக்கரையோடு நின்றுகொண்டேன். தங்கை, "மேல போகலாம் அண்ணா, நிறைய பேர் போறாங்க" என்றாள். போகலாம்தான். ஜார்ஜியாவிலிருந்து சுமார் 3,500 கிலோமீட்டர் நடந்து வருகிற அப்பலாச்சியன் பாதை அந்த உச்சியில்தான் முடிகிறது. எனக்குக் கீழேயிருந்து பார்த்தது போதுமானதாக இருந்தது.

கடலோரத்தில் அக்கேடியா தேசியப் பூங்காவைத் தவற விடாதீர்கள். ராக்ஃபெல்லர் ஜூனியர் போட்ட 45 மைல் குதிரை வண்டிச் சாலையில் கார் கிடையாது, நடந்தோ சைக்கிளிலோ போகலாம். பஃபின் பறவை பார்க்கப் படகில் ஈஸ்டர்ன் எக் ராக் தீவைச் சுற்றி வாருங்கள். வேட்டையில் அழிந்த இடத்தில், 1973 முதல் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்தார் பறவை ஆய்வாளர் ஸ்டீபன் கிரெஸ். வளர்ந்து கடலுக்குப் போனவை திரும்பி இறங்கப் பயப்படக் கூடாது என்று பாறையில் மர பஃபின் பொம்மைகளை நிறுத்தி வைத்தார். 1981இல் நிஜப் பறவைகள் கூடு கட்டின. அங்கேயும் மரம்தான் வேலை செய்திருக்கிறது.

சரி, எப்போது போவது? மே நடுவிலிருந்து ஜூன் வரை காட்டில் ப்ளாக் ஃப்ளை என்கிற சின்ன ஈ கடித்தே கொன்றுவிடும், வேண்டாம். பஃபின் பார்க்க ஜூன் கடைசி, ஜூலை. காட்டுக்குச் செப்டம்பர் நடுவிலிருந்து. அக்கேடியாவில் இருக்கிற கேடிலாக் மலைக்குக் காரில் ஏற சீசனில் முன்பதிவு உண்டு, கடாடின் பக்கம் கார் நிறுத்தவும் அப்படித்தான். பாக்ஸ்டர் பூங்காவுக்குள் மின்சாரம், கடை, தார்ச் சாலை எதுவும் இல்லை. சாப்பாடும் டார்ச்சும் கையோடு எடுத்துப் போங்கள். நவம்பர் மான் வேட்டைக் காலம், அப்போது காட்டுக்குள் நடந்தால் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், ஊர்க்காரர்களும் போடுகிறார்கள்.