மாமாவின் சீ.ஆர். கொப்பியை ஷீட்டுக்குக் கொண்டுபோன கதை

மாமாவுக்கு ஆரையம்பதியில் கதிரை வாடகைக்கு விடும் தொழில். கதிரை, மேசை, தகரக் கொட்டகை, கிடாரம், ஒரு ஜெனரேட்டர். கல்யாணம், செத்தவீடு, கோயில் சடங்கு எல்லாவற்றுக்கும் போவது அதே கதிரைகள்தான். கணக்கு முழுவதும் ஒரு சீ.ஆர். கொப்பியில் இருக்கும், அந்தக் கையெழுத்து அவரைத் தவிர வேறு ஒருவருக்கும் விளங்காது. போன வருஷம் வைகாசியில், கண்ணகி அம்மன் சடங்கு ஊருக்கு ஊர் வரிசையாக வரும் நேரம், ஒரே நாளில் இரண்டு இடத்துக்கு அதே 200 கதிரையை ஒத்துக்கொண்டுவிட்டார். கடைசியில் காத்தான்குடியில் ஒருவரிடம் இரவல் வாங்கி ஒருமாதிரி ஒப்பேற்றினோம். அன்று இரவு சாப்பிட்டுவிட்டுச் சொன்னார், "மருமகன், கொம்பியூட்டர்ல என்னென்னமோ செய்றீங்க, இதுக்கும் ஒண்டு செய்து தாங்களன்."

முதலில் கதிரை ஏற்றி இறக்கும் பொடியன்கள் மூன்று பேரின் போனிலும் டூடூயிஸ்ட் என்ற வேலைப்பட்டியல் செயலியைப் போட்டு, ஒரு பட்டியலைப் பகிர்ந்துகொடுத்தேன். "கல்லடி, கல்யாண வீடு, கதிரை 150, காலை 6" என்று வரும், இறக்கி முடிந்ததும் ஒரு தட்டுத் தட்டினால் போதும். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. மாமாவுக்குப் பிடிக்கவில்லை. முடிந்த வேலை கண்ணுக்கு முன்னால் மறைந்துபோவது அவருக்கு ஆகவே ஆகாது, முடிந்ததற்குத்தானே காசு வாங்க வேண்டும்! அவருக்குத் தேவை கட்டம் கட்டமாக எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் ஒரு தாள். சரி, அவருக்கு கூகுள் ஷீட். இரண்டையும் இணைக்க வேண்டியது என் தலையில்.

கோட் எழுதாமல் இழுத்துப் பொருத்தி ஒரு செயலியை இன்னொன்றோடு இணைக்கும் சேவைகளில் ஸேப்பியர் (Zapier), மேக் (Make) இரண்டையும் பார்த்தேன். ஸேப்பியரின் இலவசத் திட்டத்தில் ஒரு தூண்டுதல் (இது நடந்தால்), ஒரு செயல் (அதைச் செய்), அவ்வளவுதான். எனக்கோ வேலை முடிந்ததும் அந்த வேலைக்குரிய வரியை ஷீட்டில் தேடி, கண்டுபிடித்து, அதே வரியில் எழுத வேண்டும், அதாவது மூன்று படி. அதனால் மேக். அதில் ஒவ்வொரு தொடரையும் சினாரியோ என்பார்கள், இலவசத்தில் இரண்டை ஓடவிடலாம்.

இங்கேதான் ஆசை கூடிப்போனது. டூடூயிஸ்ட்டில் வேலை போட்டால் ஷீட்டில் வரி வர வேண்டும், ஷீட்டில் மாமா வரி போட்டால் டூடூயிஸ்ட்டில் வேலை வர வேண்டும், இரண்டு பக்கமும் ஓடட்டும் என்று இரண்டு சினாரியோவையும் 15 நிமிடத்துக்கு ஒருதரம் என்று வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டேன். விடியக் காலை ஆறு மணிக்கு ஒரு பொடியன் போன் எடுக்கிறான்.

"அண்ணன், 120 கதிரையெண்டு 27 தரம் போட்டிருக்கு. எல்லாம் ஒரே வீடா?"

புதிய வரி ஒரு வேலையை உண்டாக்கியது, அந்தப் புதிய வேலை ஒரு வரியை உண்டாக்கியது, அந்த வரி இன்னொரு வேலையை. இரவு முழுக்க இரண்டும் பந்தடித்து விளையாடியிருக்கின்றன. கருவி செய்தது நான் சொன்னதைத்தான், ஆகவே யாரையும் நோகவும் முடியாது.

அன்றைக்கே ஒரு வழியை வெட்டிவிட்டேன். இப்போது வேலை பிறப்பது டூடூயிஸ்ட்டில் மட்டும். மாமா போனில் ஓடர் எடுக்கும்போது பக்கத்தில் இருக்கும் மச்சாள் அதைப் பட்டியலில் போடுவாள். முதல் சினாரியோ புதிய வேலையைக் கண்டால் ஷீட்டின் அடியில் ஒரு வரி சேர்க்கும், இரண்டாவது சினாரியோ முடிந்த வேலையைக் கண்டால் அந்த வரியில் "முடிந்தது" என்றும் நேரத்தையும் எழுதும். ஷீட்டில் இடது பக்கத்து நிரல்கள் மெஷினுக்கு, வலது பக்கத்து நிரல்கள் (முற்பணம், மிச்சம், உடைவு) மாமாவுக்கு. ஒருவர் பக்கத்தை மற்றவர் தொடுவதில்லை. இப்படிச் செய்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான், இரண்டு பக்கமும் ஓடும் இணைப்பு வேண்டும் என்று யாராவது கேட்டால், எந்தத் தகவலை எந்தப் பக்கத்தில் யார் மாற்றப்போகிறார் என்று திருப்பிக் கேளுங்கள். பத்தில் ஒன்பது தரம் ஒற்றை வழியே போதுமாக இருக்கும்.

வரியைக் கண்டுபிடிப்பது எப்படி? வேலையின் பெயரால் தேடக்கூடாது, "கல்லடி, கதிரை 150" என்று மாதத்துக்கு நாலு வரும். வரி எண்ணாலும் தேடக்கூடாது, மாமா ஷீட்டை இடம் மாற்றி அடுக்கினால் போச்சு. டூடூயிஸ்ட் ஒவ்வொரு வேலைக்கும் தனியாக ஓர் ஐடி வைத்திருக்கிறது, வரி சேர்க்கும்போதே அதையும் ஒரு நிரலில் எழுதிவைத்தால் பிறகு அதைக் கொண்டு தேடலாம். நான் அதை முதல் நிரலில் போட்டேன். மூன்றாம் நாள் மாமா, "இதென்னகா, ஒண்டும் விளங்காத குப்பை" என்று அந்த நிரலையே அழித்துவிட்டார். முடிந்த வேலை ஒன்றுக்கும் வரி அகப்படவில்லை. இப்போது ஐடி கடைசி நிரலில், மறைத்து, பூட்டி வைத்திருக்கிறேன். அவருக்கு அது இருப்பதே தெரியாது.

அடுத்தது அளவுக் கணக்கு. மேக்கின் இலவசத் திட்டத்தில் மாதம் 1000 என்று ஓர் அளவு உண்டு, ஒவ்வொரு படி ஓடும்போதும் அதில் ஒன்று கழியும். புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று சும்மா எட்டிப் பார்ப்பதும் ஒன்றுதான். 15 நிமிடத்துக்கு ஒருதரம் என்றால் நாளுக்கு 96, மாதத்துக்கு 2880, அதுவும் ஒரே ஒரு சினாரியோவுக்கு! நானும் முதலில் உடனுக்குடன் வந்தால்தான் அழகு என்று நினைத்தவன். ஆனால் மாமா ஷீட்டைத் திறப்பது இரவு எட்டு மணிக்கு, செய்தி முடிந்த பிறகு. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் என்று மாற்றினேன். நாளுக்கு 8, இரண்டு சினாரியோவுக்கும் மாதம் 480. மிச்சம் 520 உண்மையான வேலைக்கு, தாராளம்.

இனி, ஒருவரும் சொல்லித்தராத சில்லறைத் தொல்லைகள். நாங்கள் ஜூன் 5ஐ 05/06 என்று எழுதுவோம். ஷீட்டின் நாட்டு அமைப்பு (locale) அமெரிக்காவாக இருந்தால் அது மே 6 ஆகிவிடும். 13/06 என்றால் பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, திகதி நிரலில் சில வரிகள் வலது பக்கமும் சில வரிகள் இடது பக்கமும் ஒட்டி நின்றால் இந்தக் கூத்துத்தான். இடது பக்கம் நிற்பது திகதியே அல்ல. அமைப்பை மாற்றினேன், அதோடு நிற்காமல் 2025-06-05 என்ற வடிவத்திலேயே அனுப்பவும் செய்தேன்.

போன் இலக்கம் இன்னொன்று. 077 என்று அனுப்பினால் ஷீட் அதை எண்ணாக எடுத்து முன்னால் உள்ள பூச்சியத்தைத் தின்றுவிடும். கூகுள் ஷீட் படியின் மேலதிக அமைப்புக்குள் போனால், கையால் அடித்ததுபோல எழுதவா, அனுப்பியதை அப்படியே வைக்கவா என்று ஒரு தெரிவு இருக்கிறது. அப்படியே வை என்று கொடுத்தால் பூச்சியம் தப்பும். ஆனால் அப்போது திகதியும் எழுத்தாகவே போய் விழும், ஆகவே நான் அதை விட்டுவிட்டு போன் நிரலை மட்டும் வெறும் எழுத்து வடிவத்துக்கு மாற்றினேன்.

நேரம் இதைவிட மோசம். சடங்கின் கடைசிக் கட்டமான குளிர்த்தி முடிந்து பொடியன்கள் கதிரை ஏற்றி முடிக்க விடியப்புறம் 4.40 ஆகும். டூடூயிஸ்ட் முடிந்த நேரத்தை உலகப் பொது நேரத்தில் தருகிறது, நாங்கள் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். ஆகவே ஷீட்டில் முதல் நாள் இரவு 11.10 என்று வந்தது. "சடங்கு முடியமுன்னமே கதிரையை ஏத்தினானுகளா?" என்று மாமா பொடியன்களைப் பிடித்து ஏசிவிட்டார், பாவம். திகதியை வடிவமைக்கும் இடத்தில் நேர வலயமாகக் கொழும்பைக் கொடுத்தபிறகு சரி.

ஜெனரேட்டருக்கு ஒயில் மாற்றுவது போல மாதாமாதம் திரும்பும் வேலைகளுக்கு டூடூயிஸ்ட்டில் ஐடி மாறாது, திகதிதான் முன்னுக்குப் போகும். ஐடியைத் தேடி எழுதினால் போன மாதத்துப் பதிவுக்கு மேலேயே இந்த மாதம் எழுதப்படும். அவற்றை மட்டும் பிரித்து, ஒவ்வொரு தரமும் புதிய வரியாகச் சேர்க்க வைத்தேன்.

மாமா இன்னும் கொப்பியை விடவில்லை. இரவில் ஷீட்டையும் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்க்கிறார், அதில் அவருக்கு ஒரு சந்தோஷம். போன கிழமை நான் ஷீட்டில் ஒரு சிவப்பு நிறம் போட்டேன், கொண்டுபோனதற்கும் திரும்பி வந்ததற்கும் எண்ணிக்கை பொருந்தாத வரிகள் தனியாகத் தெரியட்டும் என்று. ஒரே ஒரு வரி சிவந்தது. கதிரை 6 குறைவு, நாலு மாதமாகத் திரும்பவில்லை. பெரிய கண்டுபிடிப்பு என்று போனைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொப்பிக்குத் திரும்பிவிட்டார்.

"அது ஒங்கட அம்மாட விறாந்தையில கிடக்கிற கதிரைதான் மருமகன்."