எத்தனை நாள் தாங்கும்?

சிறுநீர் வடிகுழாய்களுக்கு நுண்ணுயிரைத் தடுக்கும் ஹைட்ரோஜெல் பூச்சு செய்யும் ஆய்வுக்கூடத்தில் நான் சேர்ந்தபோது, அந்தப் பொருளின் தன்மையே என்னை ஈர்த்தது. நீரை உறிஞ்சி உப்பும் ஜெல், குழாயை வழவழப்பாக்கி, உள்ளே செலுத்தும்போது ஏற்படும் உரசலைக் குறைக்கிறது; நீர் நிறைந்த அந்தப் பரப்பில் நுண்ணுயிர்கள் எளிதில் ஒட்டுவதில்லை; அதையும் மீறி நெருங்குபவற்றைக் கொல்ல நாங்கள் அதற்குள் வெள்ளியைச் சேர்த்திருந்தோம். நுண்ணுயிர் வளர்க்கும் அகர் தட்டில், பூச்சிட்ட எங்கள் சிலிக்கோன் துண்டைச் சுற்றி ஈ.கோலை நுண்ணுயிர் வளராத தெளிந்த வளையம் தெரிந்த காலையில், பாதி வேலை முடிந்துவிட்டதாகவே நம்பினேன்.

அந்தத் துண்டை ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எடுத்துச் சென்றபோது, மூத்த செவிலியர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எத்தனை நாள் தாங்கும் சார்?" என்று கேட்டார். என்னிடம் இருந்தது 24 மணி நேரக் கணக்கு மட்டுமே. அவருடைய நோயாளிகளில் சிலருக்குக் குழாய் போட்டு இரண்டு வாரம் கடந்திருந்தது.

திரும்பி வந்து, செயற்கைச் சிறுநீர் ஓடும் குழாய்களில் புரோட்டியஸ் மிராபிலிஸை விட்டோம். இந்த நுண்ணுயிரின் யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்குகிறது. சிறுநீரின் காரத்தன்மை ஏற, மக்னீசியம், கால்சியம் பாஸ்பேட்டுகள் படிகங்களாகப் படிகின்றன. நான்காம் நாள் குழாயை அறுத்துப் பார்த்தேன். பூச்சு பழுதின்றி இருந்தது. ஆனால் அதன்மேல் சுண்ணாம்புபோல் ஓர் அடுக்கு மூடியிருக்க, வெள்ளி எட்டாத அந்த மேல்தளத்தில் நுண்ணுயிர்கள் செழித்திருந்தன. அன்று உண்மையாகவே மனம் உடைந்துபோனேன்.

பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து, 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வை அதன் பிறகுதான் முழுமையாகப் படித்தேன். சில நாட்களுக்கு மட்டும் குழாய் போடப்பட்டவர்களில், வெள்ளிப் பூச்சுக் குழாய் பெற்றோரில் 12.5 சதவீதம் பேருக்கும், சாதாரணக் குழாய் பெற்றோரில் 12.6 சதவீதம் பேருக்கும் சிறுநீர்த் தொற்று வந்திருந்தது. பூச்சுகளே வீண் என்று இதைக் கொண்டு நான் முடிவு கட்டவில்லை; ஆனால் தட்டில் தெரியும் வளையத்தைக் காட்டி 'தொற்றைத் தடுக்கும்' என்று எழுதும் வழக்கத்தை எங்கள் அறிக்கைகளிலிருந்து நீக்கச் சொன்னேன்.

அந்தச் செவிலியர் தம் பிரிவில் தினமும் காலைச் சுற்றின்போது, ஒவ்வொரு படுக்கையருகிலும் நின்று, இந்தக் குழாய் இன்றும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்கிறார். தேவையில்லை என்றால் அப்போதே எடுத்துவிடுகிறார். எடுக்கவே முடியாதவர்களுக்காகத்தான் எங்கள் பூச்சு என்று இப்போது எண்ணி வேலை செய்கிறோம். படிகம் ஒட்டாத புதிய மேலடுக்குடன் 12 துண்டுகள் 37 டிகிரி நீர்த்தொட்டியில் இன்று ஒன்பதாம் நாளில் இருக்கின்றன.