ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு மாடி ஜன்னல்

அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்து அர்பானாவில் முதல் வருடம் நான் குடியிருந்த இடத்திலிருந்து வகுப்புக்குப் போக இரண்டு வழி. கிரீன் ஸ்ட்ரீட்டில் போனால் சீக்கிரம் போய்விடலாம். ஒரு தெரு தள்ளி ஹை ஸ்ட்ரீட்டில் போனால் மரநிழல். 2017 ஆகஸ்ட் மாதம். ஊரைச் சுற்றி மைல் கணக்கில் மக்காச்சோளமும் சோயாவும். அந்த ஈரப் புழுக்கம் விருதுநகர் வெயிலில் வளர்ந்த என்னையே படுத்தியது. அதனால் நிழல் வழிதான்.

அந்தத் தெருவில் ஒரு பழைய மர வீடு. ஒரு மாடி, சரிந்த கூரை. அதைப் போல அந்த ஊரில் எத்தனையோ வீடுகள் உண்டு. ஆனால் இந்த வீட்டின் முன்னால் மட்டும் அவ்வப்போது யாராவது நின்று, குனிந்து, சில சமயம் தரையிலேயே உட்கார்ந்து, மாடி ஜன்னலைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். சரி, நானும் ஒன்று எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "இதுதான் எங்க தெருப் பக்கம்." "வீடு பழசா இருக்கே, தண்ணி வசதியெல்லாம் எப்படி?" என்று பதில் வந்தது.

விஷயத்தைச் சொன்னவன் மேல் வீட்டு அமெரிக்கப் பையன். துணி துவைக்கும் அறையில் காசு போட்டுவிட்டுக் காத்திருந்தபோது கேட்டேன். "அதுவா, அது அமெரிக்கன் ஃபுட்பால் வீடு" என்றான். யாரோ விளையாட்டு வீரர் பிறந்த வீடு போல என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஒரு மாதம் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு இருவரிடம் அப்படியே சொல்லியும் விட்டேன்.

அமெரிக்கன் ஃபுட்பால் என்பது ஒரு இசைக்குழுவின் பெயர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மூன்று பேர்: பாட்டும் கிட்டாரும் மைக் கின்செல்லா, இன்னொரு கிட்டார் ஸ்டீவ் ஹோம்ஸ், டிரம்ஸும் டிரம்பெட்டும் ஸ்டீவ் லாமோஸ். படிப்பு முடிகிற நேரத்தில் அர்பானாவிலேயே ஒரு ஸ்டுடியோவில் ஒன்பது பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். பாலிவினைல் என்ற சிறிய நிறுவனம் 1999 செப்டம்பரில் வெளியிட்டது. இசைத்தட்டுக்கும் குழுவின் பெயரேதான். அட்டையில் அந்த வீட்டின் மாடி, இரவில், ஜன்னலில் விளக்கு எரிய. தட்டு வெளிவந்த கொஞ்ச நாளில் குழுவே இல்லை. சண்டை சச்சரவு எதுவும் காரணமில்லை. படிப்பு முடிந்தது, ஆளுக்கொரு ஊர் போனார்கள், அவ்வளவுதான்.

இந்த வகை இசையை ஈமோ என்கிறார்கள். எண்பதுகளின் நடுவில் தலைநகர் வாஷிங்டனில், பங்க் என்ற ஆவேசமான ராக் இசை வாசித்த பையன்கள் சிலர், அரசாங்கத்தைத் திட்டுவதை விட்டுவிட்டுத் தங்கள் மனதில் உள்ளதைக் கத்த ஆரம்பித்தார்கள். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ற குழு 1985இல் ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டு அடுத்த வருடமே கலைந்துபோனது. உணர்ச்சிவசப்பட்ட பங்க் என்று கிண்டலாகச் சொன்னது அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டது. பத்து வருடம் கழித்து அது இந்தச் சோளக்காட்டு ஊர்களுக்கு வந்து சேர்ந்தபோது கத்தல் குறைந்துவிட்டது. இந்தத் தட்டில் கத்தலே கிடையாது.

முதல் தடவை கேட்டபோது எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. பாடுகிறவர் பக்கத்து அறையில் தூங்குபவரை எழுப்பிவிடக் கூடாது என்பது போலப் பாடுகிறார். நீளநீளமாகக் கிட்டார் மட்டும் ஓடுகிறது. இரண்டு கிட்டார்களும் வெவ்வேறு நீளத்தில் சுற்றிச் சுற்றி வருகின்றன. சேர்கிற மாதிரி வந்து விலகிப் போகின்றன. சின்ன வயதில் மூன்று வருடம் மிருதங்கம் கற்றுக்கொண்ட திமிரில் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன். தாளம் தொடங்கும் இடமான சமத்தைத் தவறவிட்டேன். திரும்பப் போட்டேன், திரும்பவும் போனது. மேல் வீட்டுப் பையன் சிரித்தான். முதல் பாட்டுக்காகக் கிட்டாரின் ஆறு தந்திகளையும் எஃப், ஏ, சி, ஜி, சி, ஈ என்று மாற்றிச் சுருதி சேர்த்துக் காட்டினான். விரலே வைக்காமல் சும்மா மீட்டினாலே அந்தத் தட்டின் வாசனை வந்துவிடுகிறது.

அந்தத் தட்டு எனக்கு உறைத்தது 2018 ஆகஸ்டில்தான். அந்த ஊரில் வீட்டு ஒப்பந்தம் பெரும்பாலும் ஆகஸ்டில் முடிந்து ஆகஸ்டில் தொடங்கும். பழைய வீட்டை ஒரு நாள் காலி செய்ய வேண்டும், புது வீட்டுச் சாவி சில நாள் கழித்துத்தான் கிடைக்கும். இடையில் நீங்கள் எங்கே படுப்பீர்கள் என்பது யாருடைய கவலையும் இல்லை. தெருவோரமெல்லாம் மெத்தை, சோபா, மேசை விளக்கு. (என் நாற்காலி, புத்தக அலமாரி எல்லாம் அப்படிப் பொறுக்கியவைதான். அம்மாவிடம் சொன்னதில்லை.) எங்கள் வீட்டு உரிமையாளர் சமையலறை மேடையில் இருந்த மஞ்சள் கறையைக் காட்டி முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார். ரசம் கொட்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பாதியா?

அந்த மூன்று இரவும் ஒரு நண்பன் வீட்டுத் தரையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் படுத்திருந்தேன். அறைத்தோழன் வேலை கிடைத்து டெக்ஸாஸ் போய்விட்டான். மேல் வீட்டுப் பையன் படிப்பு முடிந்து மே மாதமே போயிருந்தான். ஒரு வருடமாகச் சேர்த்து வைத்த மனிதர்களில் பாதிப் பேர் ஊரில் இல்லை. தூக்கம் வராமல் அந்தத் தட்டைப் போட்டேன். கோடை முடிவதையும் கிளம்ப வேண்டியிருப்பதையும் பற்றி இருபத்திரண்டு வயதுப் பையன்கள் முணுமுணுக்கிறார்கள். நடுவில் அந்த டிரம்பெட் கொஞ்சம் தயங்கித் தயங்கி வருகிறது. இவர்களும் இதே ஆகஸ்டில் இதே தெருக்களில் பெட்டி தூக்கியவர்கள்தானே என்று தோன்றியது. எனக்கு ஒரு வித்தியாசம். அவர்கள் கிளம்பும்போது பாடியதை நான் வந்து சேர்ந்தபோது கேட்டுக்கொண்டிருந்தேன். நான் இன்னும் அந்த ஊரில் குடியேறவே முடிக்கவில்லை, அதற்குள் ஊரே காலியாகிக்கொண்டிருந்தது.

அந்தக் குழு 2014இல் திரும்பக் கூடியது. பதினைந்து வருடத்தில் தட்டு கைக்குக் கை மாறிப் பெரிதாகியிருந்தது. டிரம்ஸ் வாசித்த லாமோஸ் அதற்குள் பேராசிரியராகியிருந்தார்.

நான் 2019இல் சிகாகோவுக்கு வந்துவிட்டேன். ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனாலும் அர்பானா பக்கம் அதிகம் போவதில்லை. 2023இல் அந்த வீட்டை இசைக்குழுவும் பாலிவினைலும் அட்டைப் படம் எடுத்த கிறிஸ் ஸ்ட்ராங்கும் இன்னும் சிலரும் சேர்ந்து வாங்கினார்கள், இடிபட்டுப் போகாமல் இருக்க. செய்தி வந்த அன்று அம்மாவிடம் போனில் சொன்னேன். நான் அனுப்பிய பழைய படம் இன்னும் அவர் போனில் இருந்திருக்கிறது. தேடி எடுத்துப் பார்த்தார்.

"இந்த வீட்டையா? அத்தனை பேர் சேர்ந்தா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ தண்ணி வசதி நல்லாத்தான் இருந்திருக்கும்."