பஸ் டிரைவருக்கு ஒரு தேங்க்யூ
ஆஸ்திரேலியாவுல இருக்குற பிரிஸ்பேன்ல பஸ்ஸ விட்டு இறங்குறவங்க டிரைவருக்கு தேங்க்யூ சொல்லிட்டுதான் இறங்குவாங்க, பின் கதவு வழியா இறங்குறவங்ககூட அங்கேருந்தே சத்தமா சொல்லுவாங்க. நேத்து சாயங்காலம் பெரிய ஸ்கூல் பை மாட்டின ஒரு வாண்டு படியில ஒரு கால வச்சுகிட்டே திரும்பி "தேங்க்யூ"ன்னு கத்துச்சு, டிரைவர் கண்ணாடில பாத்து கைய தூக்கி காட்டினாரு, மனசு நெறஞ்சு போச்சுங்க. டாக்சில தனியா போறப்ப நெறைய பேர் முன் சீட்டுல டிரைவர் பக்கத்துல உக்காருறதும் இதே குணம்தான், நான் ஒசத்தி நீ மட்டம்ங்கிற நெனப்பு வேணாம்னுதான்.

அப்புறம் புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணு, விருந்துக்கு கூப்பிடுறவங்க 'ப்ரிங் எ ப்ளேட்'னு சொன்னா வெறும் தட்ட தூக்கிட்டு போயிடாதீங்க, எல்லாரும் பகிர்ந்து சாப்பிட ஏதாவது கொண்டு வாங்கன்னு அர்த்தம். நான் எலுமிச்சை சாதம் கொண்டு போவேன், ஒரு பருக்கை மிஞ்சாது.