தொண்ணூத்தொண்ணு சார்

இரண்டு நாளாக வீட்டில் நெட் இல்லை. மூன்றாம் நாள் சரிபார்க்க ஒரு தம்பி வந்தார். மோடத்தைக் கையில் எடுத்தவர் என் முகத்தைப் பார்த்ததும் அதைக் கீழே வைத்துவிட்டு, "தொண்ணூத்தொண்ணு சார்!" என்றார்.

கஸ்டமர் நம்பரைச் சொல்கிறாராக்கும் என்று, "இல்லைங்க, கடைசி ரெண்டு நம்பர் நாப்பத்தாறு" என்றேன்.

சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் கடைசி பெஞ்ச் முகம் தெரிந்தது. அது என் பட்டப்பெயராம். 22 வருஷமாகக் கணக்கு வாத்தியார். எனக்குப் பட்டப்பெயரே கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தவன்.

ஆறாம் வகுப்பில் பகா எண் பாடம். 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1-ஐவிடப் பெரிய எண்தான் பகா எண். போர்டில் 91 என்று எழுதி, "ஒற்றைப்படை, அதனால 2 போச்சு. இலக்கங்களைக் கூட்டினா 10, அதனால 3-ம் போச்சு. கடைசியில 0, 5 இல்ல, 5-ம் போச்சு. ஆகவே பகா எண்!" என்று கம்பீரமாக அடிக்கோடு இழுத்தேன். பத்துப் பத்து நூறாகி 91-ஐத் தாண்டிவிடுவதால் 10-க்கு உட்பட்ட பகா எண்களைப் பார்த்தால் போதும். அதாவது 2, 3, 5, 7. நாலே பேரை விசாரிக்க வேண்டிய வழக்கில் ஒருத்தனை விட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். அவன்தான் குற்றவாளி.

இவன் எழுந்தான். "பதிமூணேழு தொண்ணூத்தொண்ணு சார்."

ஏழாம் வாய்ப்பாட்டில் பாதியிலேயே தடுக்கி விழுகிற பையன். "எப்படிடா தெரியும்?"

"லீவுக்கு இன்னும் பதிமூணு வாரம் சார். 91 நாள். பெஞ்சுல எழுதி வெச்சிருக்கேன்."

போய்ப் பார்த்தேன். 98-இல் தொடங்கி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்திருந்தான். பெஞ்சில் கிறுக்கியதற்குத் திட்டலாம்தான், ஆனால் எந்த வாயால் திட்டுவது? போர்டை அழித்துவிட்டு, "நான் சொன்னது தப்பு, இவன் சொல்றதுதான் சரி" என்றேன்.

1966-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற கணித மேதை குரோத்தெண்டீக், ஒரு பகா எண் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு 57 என்றாராம். அது 3 × 19. இந்தக் கதையைப் படித்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் அங்கே எண்ணுக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். இங்கே எனக்கு எண்ணையே பெயராக வைத்துவிட்டார்கள்.

"நீங்க நடத்தினதுல வேற எதுவுமே ஞாபகம் இல்ல சார்" என்றான், வயரைச் செருகிக்கொண்டே. இயற்கணிதத்துக்காக நான் தொலைத்த தொண்டை அந்த நிமிஷம் மறுபடி வலித்தது. "ஆனா அதுவரைக்கும் பெரியவங்க யாரும் என்கிட்ட, நீ சொல்றதுதான் சரின்னு சொன்னதில்ல சார். வீட்டுல போய்ச் சொன்னேன், யாருமே நம்பல."

மோடத்தில் பச்சை விளக்கு எரிகிறதா என்று ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தேன். அது எப்போதோ எரிய ஆரம்பித்திருந்தது. தப்பு செய்ததற்கு நன்றி வாங்கும் தொழில் இது ஒன்றுதான் போலிருக்கிறது. டாக்டர் செய்து பார்க்கட்டும்.

"பாஸ்வேர்ட் எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது சார்" என்று என்னையே போடச் சொன்னான். வைஃபைக்குப் பெயரை மட்டும் அவனே வைத்தான். வேண்டாமென்றால் மாற்றுவது எப்படி என்றும் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போனான்.

நான் மாற்றவில்லை. நேற்று மாடி வீட்டுக்காரர் படிக்கட்டில் நிறுத்தி, "வைஃபையில உங்க பேரு வருதே, அதென்ன சார் தொண்ணூத்தொண்ணு, வயசா?" என்றார்.